ரோசம்மாள் வண்டியை விட்டு இறங்கிய இரவு

களம்பூரில் ஒரு கல்யாண விருந்தை முடித்துக்கொண்டு ஆரணிக்குத் திரும்பும் வழியில், சவரிராஜ் ஒரு புளியமரத்துக்குத் தோத்திரம் சொன்னார்.

இரவு ஒன்பதரை மணி. மொபெட்டின் பின்னால் மனைவி ரோசம்மாள். அடிமரத்தில் வெள்ளை அடித்துவைத்திருந்த சாலையோரத்து மரம் அது. சவரிராஜின் கண்ணுக்கு அது வெள்ளை அங்கி போட்ட பங்குச் சாமியாராகத் தெரிந்தது. ஒரு கையை விட்டு, தலையைக் குனிந்து, "தோத்திரம் சாமி" என்றார், குரலில் பக்தி சொட்ட.

"வண்டிய நிறுத்துங்க" என்றாள் ரோசம்மாள்.

"இன்னா ஆச்சு?"

"மரத்துக்குக் கும்புடு போடறவரு பின்னால நான் குந்திகினு வரமாட்டேன். நடந்தே போறேன்."

"இருட்டுல எவனுக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரிஞ்சுதே. மரம் உங்களுக்கு ஆசீர்வாதம் குடுத்துச்சா?"

அவள் இறங்கினால் இறங்கியதுதான். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் அது சவரிராஜுக்குத் தெரியும். அவரும் இறங்கி, சாலை ஓரமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு முணுமுணுத்தபடி நடந்தார். வளைவு திரும்பி நாலு எட்டு வைத்ததும் முன்சக்கரம் எதிலோ தொம்மென்று முட்டியது.

லாரி. பழுதாகி, ஒரு பொட்டு வெளிச்சம் இல்லாமல் பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. டிரைவரையும் காணோம்.

ரோசம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். இருட்டில் கையை நீட்டி லாரியின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை. சவரிராஜுக்கு அது லாரியைவிடப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பயம் தெளிந்துவிட்டது. டீக்கடையில் சொன்னபோது லாரியை அவர் பத்தடி தூரத்தில் கண்டுபிடித்தார். மத்தியானம் தெருவில் சொன்னபோது ஐம்பது அடி. சாயங்காலம் நன்றிப் பூசைக்குச் சீட்டு எழுத உட்கார்ந்தார்.

அவர்கள் கோயிலில் அப்படி ஒரு வழக்கம். நன்றிப் பூசை கேட்பவர்கள் காரணத்தை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். பூசை தொடங்குமுன் உபதேசியார் அமல்ராஜ் அதை மைக்கில் வாசிப்பார். கூரைமேல் இருக்கும் குழாய் ஸ்பீக்கர் அதைத் தெரு முழுக்கச் சொல்லிவிடும்.

சவரிராஜ் எழுதியதை ரோசம்மாள் வாங்கி உரக்கப் படித்தாள். "'கும்மிருட்டிலும் லாரியைக் கண்டுகொள்ளும் கூர்மையான பார்வையை எனக்குத் தந்த ஆண்டவருக்கு நன்றியாக.' ஏங்க, இத ஆண்டவரும் கேப்பாரு இல்ல?"

"கேக்கட்டும். எல்லாத்தையும் மைக்குல சொல்லணும்னு சட்டமா?"

"கண்ணு மங்கிப்போச்சுன்னு சொன்னா இன்னா கொறஞ்சி போயிடும்?"

"தறி போயிடும்" என்றார் சவரிராஜ்.

சவரிராஜ் பட்டு நெய்பவர். முள்ளிப்பட்டு பச்சையப்பன் முதலாளி பட்டும் ஜரிகையும் கொடுத்து, உடல் முழுக்க ஜரிகைப் பூ விழும் புட்டாப் புடவைகளாகப் பார்த்து அவரிடம் நெய்து வாங்குகிறார். முதலாளியின் ஆள் துரை ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு எதிர்க் கடையில்தான் டீ குடிப்பான். ஸ்பீக்கரில் வந்தது மத்தியானத்துக்குள் முள்ளிப்பட்டுக்குப் போய்விடும். கண் மங்கியவனை நம்பி எந்த முதலாளி பட்டைக் கொடுப்பான்?

சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு போடும்போது ரோசம்மாள் நிதானமாகக் கேட்டாள். "லாரில இன்னா ஏத்திகினு இருந்தான், பார்த்தீங்களா?"

"நெல்லு மூட்டை."

"கம்பி. வீடு கட்டற கம்பி. நடு ரோட்டுப் பக்கமா நாலு அடிக்கு நீட்டிகினு இருந்துச்சு. நீங்க எப்பவும் வண்டி ஓட்டற பக்கம். சரியா உங்க கழுத்து உயரம். நான் தொட்டுப் பார்த்தேன்."

சவரிராஜ் அதற்குமேல் சாப்பிடவில்லை. எதிலிருந்து தப்பினோம் என்பதே தெரியாமல் மூன்று நாளாக ஊருக்கெல்லாம் கதை சொல்லியிருக்கிறோம் என்று உறைத்தது.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்கதான் ஐம்பது அடிலயே பார்த்துட்டீங்களே."

ஞாயிறு காலை, பூசைக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது சவரிராஜ் உபதேசியாரிடம் போய்ப் பழைய சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு சீட்டு கொடுத்தார். அமல்ராஜ் அதை இரண்டு முறை படித்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். "அண்ணே, இத அப்பிடியே வாசிக்கவா?"

"அப்பிடியே வாசி."

அமல்ராஜ் வாசித்தார். "கண் பார்வை மங்கிப்போன என்னை, என் மனைவி ரோசம்மாளின் பிடிவாதத்தைக் கொண்டு காப்பாற்றிய ஆண்டவருக்கு நன்றியாக, சவரிராஜ்."

பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. ரோசம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை, மங்கலான பார்வை காரணமாகச் சவரிராஜ் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை காலையிலேயே வாசலில் புல்லட் சத்தம். பச்சையப்பன் உள்ளே வந்து தறியில் இருந்த புடவையை விரலால் தடவினார்.

"கண்ணு தெரியலையாமே?"

"கொஞ்சம் மங்கல்தாங்க, முதலாளி."

"தீபாவளிலருந்து நீ நெய்யற புட்டா ஒரு பக்கமா சாஞ்சிகினே வருது. போன பொங்கலுக்கு வந்த புடவைல மாம்பிஞ்சுப் புட்டா எல்லாம் படுத்துத் தூங்குது. நானும் நீயா சொல்லுவேன்னு பார்த்துகினு இருந்தேன். நீ சொல்லல, ஸ்பீக்கர் சொல்லுது."

சவரிராஜ் தலை குனிந்தார்.

"இந்தப் புடவைய முடிச்சுக் குடு. அப்பறம் கண்ணாடி போடற வரைக்கும் புட்டா கெடையாது. பிளெயின் புடவை நெய். ஜல்தியா டாக்டர்கிட்ட போ." வாசலில் நின்று, "ரோசம்மா, மொபெட் சாவிய நீயே வச்சிக்க" என்றார்.

"அது அன்னிக்கு ராத்திரிலருந்து எங்கிட்டதாங்க இருக்குது."

பிளெயின் புடவைக்குக் கூலி குறைவு. இருபது வருஷம் புட்டா போட்ட கைக்கு அது கௌரவக் குறைச்சலும்கூட. ஆனால் தறி போகவில்லை. கழுத்தும் போகவில்லை. அன்று இரவு ஜெபத்தில் சவரிராஜ் டாக்டருக்காக வேண்டினார், முதலாளிக்காக நன்றி சொன்னார், கொஞ்சம் முனகலோடு பிளெயின் புடவைக்கும் நன்றி சொன்னார். அடுத்து, "மாம்பிஞ்சு அப்பிடி ஒண்ணும் படுத்துக் கெடக்கல, ஆண்டவரே" என்று ஆரம்பித்தார்.

ரோசம்மாள் சட்டென்று "ஆமென்" சொல்லி விளக்கை அணைத்தாள்.