ஒற்று மிகா இடம்

வேதரத்தினம் ஓர் ஊறுகாய் ஜாடிக்குள் உட்கார்ந்தபடியே அரசாங்கத்தைக் கவிழ்த்தார். உலகமே இதை ஒப்புக்கொண்டது, அவருடைய மைத்துனர் சட்டைநாதனைத் தவிர. அவரும் அதே ஜாடிக்குள்தான் இருந்தார்.

நாட்டை இலக்கண மன்றம் பிடித்திருந்த காலம் அது. இரண்டு சொற்களுக்கு நடுவில் நிற்கும் ஒற்றெழுத்துகளுக்கெல்லாம் மன்றம் காக்கிச் சட்டை கொடுத்து ஒற்றர்கள் ஆக்கியது. பிறகு இரண்டு ஆட்களுக்கு நடுவிலும் நிறுத்தியது. வேதரத்தினத்துக்கும் அவர் மனைவிக்கும் நடுவில் ஒரு ‘ப்’ படுத்திருந்தார். தங்கமான மனிதர். குறட்டைகூடச் சன்னமாகத்தான் விடுவார்.

வேதரத்தினத்தின் கோஷ்டி ஒற்றே இல்லாமல் கவிதை எழுதியது. அவருடைய கவிதை இரண்டே சொல்: “இனி பேசு.” நடுவில் ‘ப்’ போடாததற்கு ஆயுள் தண்டனை. ஆனால் மன்றத் தலைவரே அதை அப்படிச் சொல்லிவிட்டால் சட்டம் செத்துப்போகும்.

ஒற்று நுழையாத இடம் வேண்டும். பள்ளிப் பாடம் நினைவுக்கு வந்தது. வினைத்தொகையில் ஒற்று மிகாது. உதாரணம், ஊறுகாய்.

வேதரத்தினம் தலைவர் வீட்டு ஊறுகாய் ஜாடிக்குள் இறங்கினார். மைத்துனரையும் இழுத்துக்கொண்டார். எண்ணெய் இடுப்பளவு. மூடி விழுந்தது. பின்னாலேயே வந்த ‘ப்’ வெளியே நின்று தட்டினார்.

“சார், நான் உள்ள வரலாமா?”

“உங்க இலக்கணந்தான் விடல சார்.”

“அதுவும் சரிதான்.”

வேதரத்தினம் ஒரு மாங்காய்த் துண்டில் கவிதையை நகத்தால் கீறினார். கரண்டி வந்தது. துண்டு போயிற்று. தலைவர் அதைத் தயிர்சாதத்தோடு தின்றுவிட்டு வானொலியில் வாய் திறந்தார். “இனி பேசு” என்றார். நாடெங்கும் ஒற்றர்களுக்கு நிற்க இடமில்லாமல் போயிற்று. ‘ப்’ சட்டையைக் கழற்றி, மூடிமேல் மடித்து வைத்துவிட்டு ஊருக்குப் போனார்.

“கவுத்துட்டேன் பாத்தியா மாப்ள.”

“கதை விடாதீங்க அத்தான். கவுந்திருந்தா நாம ஏன் இன்னும் எண்ணெயில கெடக்குறோம்?”

வேதரத்தினம் ஏறிப் பார்த்தார். ஏற ஏற ஜாடி உயர்ந்தது. பாடத்தின் மறுபாதி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வினைத்தொகையில் காலம் மறைந்திருக்கும். ஊறிய காய், ஊறுகிற காய், ஊறும் காய். வெளியேற ஏதாவது ஒரு காலம் வேண்டும். அது உள்ளே இல்லை.

மூடி திறந்தது. கரண்டி வந்தது. துண்டு போயிற்று. வானொலி “இனி பேசு” என்றது. ‘ப்’ சட்டையை மடித்து வைத்தார்.

மூடி திறந்தது. கரண்டி வந்தது.

சட்டைநாதன் மீசையில் ஒட்டியிருந்த மிளகாய்ப்பொடியைத் துடைத்துக்கொண்டார்.

“சரி அத்தான், நடந்துச்சு” என்றார். “நடக்குது. நடக்கும்.”