ஏ, பி, சி விழுந்த குலுக்கல்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பள்ளிவாசல் என்ற மலையூரில் பேருந்துக்கு நின்றபோது காதில் விழுந்தது. பாதி நான் சேர்த்தது. எந்தப் பாதி என்று சொல்ல மாட்டேன்.

முதல் தொடக்கம்: 'தேயிலைச் சரிவில் மூடுபனி மெல்ல...' (வேண்டாம். பனி இல்லாத நாளிலும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.)

2

கொழுந்து கிள்ளும் ராமுத்தாய்க்கு அடுத்த மாதம் ஓய்வு. வேலை போனால் எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீடும் போய்விடும். தொழிலாளர்களுக்காக வீட்டுக் கமிட்டி புதிதாகக் கட்டியவை மூன்று வீடுகள். கேட்டவை இருபத்தாறு குடும்பங்கள். குடும்பத்துக்கோர் ஆங்கில எழுத்து கொடுத்து, டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். வரிசையாக வந்தவை ஏ, பி, சி. ராமுத்தாயின் எழுத்து சி.

கூட்டம் கொதித்தது. பக்கத்து லயத்துச் சங்கையா மறுகுலுக்கல் கேட்டார். கமிட்டித் தலைவர் மோகனசுந்தரமும் தலையாட்டிவிட்டார்.

[என் மனைவி ராஜஸ்ரீயும் அவர்கள் கட்சி. "வரிசையா ஏ, பி, சின்னு வருமா? நீங்களே பொறுக்கி எடுத்து வெச்சிருக்கேள்." அவளுக்காக 'எம், எக்ஸ், டி' என்று மாற்றிப் பார்த்தேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. கதையும் படுத்துவிட்டது.]

3

ராமுத்தாயின் மகள் சித்ரா தேயிலை ஃபாக்டரியில் வேலை பார்ப்பவள். சாக்பீஸை எடுத்தாள். முதல் எழுத்து வர இருபத்தாறு வழி, அடுத்ததற்கு இருபத்தைந்து, மூன்றாவதற்கு இருபத்துநான்கு. பெருக்கினால் 15,600. அதில் ஏ, பி, சி ஒன்று. சங்கையா பக்கம் திரும்பினாள்.

"எம், எக்ஸ், டி வந்திருந்தா கம்முனு வீட்டுக்குப் போயிருப்பீக, சித்தப்பா. அதுவும் இதே மாதிரி ஒண்ணுதான். களவாண்டு எடுத்து வைக்கிறவன் ஏ, பி, சின்னா வைப்பான்?"

(நான் அடித்துப்போட்ட எழுத்துகள் இவளுக்கு எப்படிக் கிடைத்தன?)

பிறகு டப்பாவை நீட்டினாள். அடுத்து வரும் மூன்றை யாராவது முன்கூட்டிச் சொல்லட்டும் என்றாள். பத்து முறை எடுத்தார்கள். ஒருவருக்கும் வாய்க்கவில்லை. ஒவ்வொன்றையும் காட்டி, இதுவும் பதினைந்தாயிரத்து அறுநூற்றில் ஒன்று என்றாள்.

சங்கையாவை வில்லனாக்க மனம் வரவில்லை. அவர் வீட்டுக் கூரையும் ஒழுகுகிறது. அவரே கடைசியில் சொன்னார்: "கணக்கு சரிதான், தாயி. தலைவரே, சாவியக் குடுங்க."

கைதட்டல் சாலைவரை கேட்டது. எனக்கும் கண் கலங்கியது.

4

ராஜஸ்ரீ இன்னும் விடவில்லை. மறுகுலுக்கல் வைத்து ஒரு முடிவு வேண்டுமாம். 'மோகனசுந்தரம் டப்பாவுக்குள் கையை...' என்று தொடங்கி நிறுத்திவிட்டேன். அதில் ராமுத்தாய்க்கு வீடு கிடைக்கும் வாய்ப்பு இருபத்தாறில் மூன்றுதான். ஜெயித்தவளை அந்த டப்பாவுக்குள் திரும்பப் போட மாட்டேன்.

ஏ, பி, சியை நம்ப முடியாதவர்கள் தங்களுக்குப் பிடித்த மூன்று எழுத்தைப் போட்டு, முடிவை எழுதிக்கொள்ளலாம். வீட்டை மட்டும் திருப்பிக் கேட்காதீர்கள். ராமுத்தாய் பால் காய்ச்சிவிட்டாள்.