ஒரு மரம் குறைந்தது

"ராஜ்கமல் அண்ணா, இந்தத் தாளைக் கொஞ்சம் பாருங்க."

கவிநிலா நீட்டிய தாளில் ஒரு காய்ந்த கிளை ஒட்டியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் அவள் மரங்களைக் கணக்கெடுத்த காட்டிலிருந்து வந்தது. அங்கே மரக்கிளைகள் கைக்கு எட்டாது. உண்டிவில்லால் உச்சியை அடித்து, விழுகிற இலையை வைத்துத்தான் இன்ன மரம் என்பார்கள்.

மறுநாள் புதுச்சேரி ஆய்வு நிலையத்தில் அவள் பேச வேண்டும். இதுவரை அளந்த காடுகளில் மர வகை அதிகம் அவளுடையதில்தான். அதே நிலையத்து ராஜ்கமல் முன்பு அளந்த காட்டைவிட ஒரே ஒரு வகை கூடுதல். இதை அவள் அப்பா ராஜாங்கம், அவர்கள் குடியிருந்த சாரம் பகுதி முழுக்கச் சொல்லிவிட்டார். மில்லில் தன்னோடு தறி ஓட்டியவர்களையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்.

ராஜ்கமல் தாளைச் சாய்த்தான். "இலைக்கடியில என்னா அது, கொக்கியா?"

"கொக்கிதான். மனோரஞ்சிதம் ஜாதி. மரத்து மேல ஏறிக் கெடந்த கொடியைப் போய் அடிச்சி, தனி மரம்னு எழுதியிருக்கேன்."

"அப்ப அந்த மரம்?"

"பட்டை போட்டோவைப் பாத்தேன். நாங்கு மரம். ஏற்கெனவே கணக்குல இருக்கு."

"அப்ப நாம ரெண்டு பேரும் சமம்!" சிரித்தவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "உங்கப்பா வேற வராரு. பேசிட்டு அப்புறமா திருத்திக்கயேன்."

"தெரிஞ்சப்புறம் எப்படிண்ணா வாயைத் தொறந்து சொல்றது?"

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாள்.

"நீ சொல்லலன்னா யாருக்காவது தெரியுமா?"

"தெரியாதுப்பா."

"எல்லாரையும் கூப்ட்டுட்டேனேம்மா."

"வரட்டும்பா."

அவர் பாதித் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

மேடையேறியதும் கவிநிலா முதலில் அந்தக் கொக்கியைத்தான் திரையில் காட்டினாள். "இது என்னோட தப்பு. ஒரு வகை குறையுது. இப்ப ரெண்டு காடும் சமம்." பிறகு நிமிர்ந்தாள். "ஆனா ராஜ்கமல் அண்ணா அளந்த காட்டுல பாதிக்கு மேல ஒரே வகை மரம். நான் அளந்ததுல எந்த வகையும் அப்படி ஆக்கிரமிக்கல. மேல நிக்கிற பெரிய மரங்களோட கன்னுங்க அடியில முளைச்சி நிக்குது. இந்தக் காடு நாளைக்கும் இப்படியே இருக்கும்." அந்தக் கடைசி வார்த்தையில் அவள் குரல் தானாக உயர்ந்தது. அது அவள் நடந்து பார்த்த காடு.

டீ குடிக்கும் இடத்தில், அப்பாவோடு தறி ஓட்டிய கோவிந்தராசு ராஜாங்கத்தைச் சீண்டுவது அவள் காதில் விழுந்தது.

"இன்னாய்யா, முதல் இடம்னு கூட்டியாந்த, இங்க உம்பொண்ணு சமம்ங்குது?"

அப்பா என்ன சொல்வாரோ என்று அவள் டீயை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"மில்லுல இழை அறுந்த துணியை உள்ள வச்சி மடிச்சி அனுப்புன ஆளுய்யா நீ," என்றார் ராஜாங்கம். "எம்பொண்ணு சபையில விரிச்சிக் காட்டுனா. பாத்தேல்ல?"

"யோவ், அதை இங்கியா சொல்லுவ!"

ராஜாங்கம் அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரின் கையைத் தொட்டார்.

"சார், பேசுச்சே, அது எம்பொண்ணு."