சைவ வீட்டிலிருந்து ஒரு மீன் குரல்

சாரல் விட்ட வெயில். வீட்டுப் பின்புறத்து அத்திக்கன்றில் இரண்டு இலைகள் ஒன்றாகவே அசைகின்றன. பஞ்சும் சிலந்தி நூலும் கொண்டு தையல்சிட்டு தைத்த இலைகள்.

உள்ளே மூன்று குஞ்சுகள். சமையலறை ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்ப்பேன். பருப்பு அடிப்பிடித்தாலும் பார்ப்பேன்.

பூனையும் பார்த்தது. யார் வீட்டுப் பூனையும் அல்ல. ஒட்டிய வயிறு, பால் கட்டிய காம்புகள். எங்கேயோ குட்டி போட்டிருக்கிறது. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் கன்றைச் சுற்றி எலுமிச்சை முள்ளை வெட்டிப் போட்டேன்.

முள், ஏறுகிறவளைத் தடுக்கும். இறங்குகிறவர்களை என்ன செய்யும்? பறக்கப் பழகும் குஞ்சு முதலில் தரைக்குத்தான் வரும். அந்த நாள் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

பூனையின் பசி அடங்கட்டும் என்று பால் வைத்தேன். மோர்ச்சோறு வைத்தேன். முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. எங்கள் வீடு சைவம். மீன்கார லூர்தம்மாகூட எங்கள் வாசல் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

மற்றபடி இந்த நாகர்கோவில் தெரு முழுக்க அவள் குரல்தான். "மீனே... சாளை மீனே..." கடைசியில் ஒரு இழுப்பு. அதைக் கேட்டால் பூனை எங்கிருந்தாலும் தெருவுக்கு ஓடும். மீன் தலை அதற்குத்தான்.

எனக்கோ குரலே கிடையாது. கூப்பிட்டால் அடுத்த அறையில் இருக்கிற கணவருக்கே கேட்காது.

அந்த நாள் வந்தது. மத்தியானச் சாரல் விட்ட வெயில். ஒரு குஞ்சு தொப்பென்று முள்ளுக்கு வெளியே விழுந்தது. எழுந்தது. மறுபடி விழுந்தது. துவைகல் ஓரத்தில் பூனை பதுங்கியிருந்தது.

நான் ஜன்னலுக்கு உள்ளே. "ச்சூ" என்றேன். பூனையின் காதுகூட அசையவில்லை. தாய்ச்சிட்டு கத்துகிறது. பாய்வதற்கு முன் பூனையின் இடுப்பு ஆடுமே, அது ஆடத் தொடங்கிவிட்டது.

"மீனே... சாளை மீனே..."

என் குரல்தான். லூர்தம்மாவின் அதே இழுப்போடு, அடிவயிற்றிலிருந்து.

பூனை திரும்பியது. பக்கச் சந்து வழியே வாசலுக்கு ஓடியது. நான் பின்பக்கம் ஓடினேன். குஞ்சு உள்ளங்கையில் சூடாக இருந்தது. அதற்கும் படபடப்பு, எனக்கும் படபடப்பு. முள்ளுக்கு உள்ளே, உயர்ந்த கிளையில் விட்டேன். சாயங்காலத்துக்குள் மூன்றும் பக்கத்து மாமரத்துக்குப் போய்விட்டன.

குஞ்சைக் கிளையில் விட்ட கையோடு வாசலுக்கு வந்தால் எதிர்வீட்டு ஜெயக்கொடி சட்டியோடு நிற்கிறாள். "யக்கா, லூர்தம்மா எங்க? இந்த நேரத்துல வந்திருக்கா?"

"உனக்கு இவ்வளவு குரலா?" என்றார் கணவர். பேப்பர் கையிலிருந்து நழுவியிருந்தது.

பூனை கேட்டடியில் உட்கார்ந்து என்னை அண்ணாந்து பார்த்தது. மீன் வரும் என்று நம்பி உட்கார்ந்திருந்தது. பசித்த தாயை ஏமாற்றிவிட்டேன். எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை லூர்தம்மா எங்கள் வாசலில் வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தினாள்.

"தாழ்த்தாத லூர்தம்மா. கொஞ்சம் நில்லு."

கூடையை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "எனக்குப் போட்டியா ஒரு ஆளு கெளம்பியிருக்குன்னு தெருவே சொல்லுது."

வாழ்நாளில் முதல்முறையாக இரண்டு சாளை வாங்கினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு, சிரட்டையில் போட்டு, கேட்டடியில் வைத்தேன். பூனை ஒன்றைத் தின்றது. மற்றதைக் கவ்விக்கொண்டு குட்டிகளிடம் போனது.

பின்புறத்தில் சாரல் விட்டிருந்தது. இரண்டு இலைகள் ஒன்றாகவே அசைந்தன. உள்ளே யாரும் இல்லை.