பெரியவருக்கு இரண்டு பல்

1

இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வலது கையை மேசைமேல் வைத்துச் சத்தியம் செய்தபடி இடது கையால் இதை எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் காரணம் அதுதான். பொய்யால் வந்த நடுக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம்.

கதை கிடைத்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மேல்வாய்ப் பல்செட்டு தளர்ந்துபோய், 'ச' வருகிற இடத்தில் எல்லாம் தனியாக ஒரு விசில் வந்துகொண்டிருந்தது. சரிசெய்துகொள்ளத் தங்கை வீட்டுக்காரரின் பட்டறைக்குப் போனேன். மாப்பிள்ளைக்குப் பல்செட்டு கட்டுவது தொழில். பல் டாக்டர்கள் வாயின் அச்சை எடுத்து அனுப்புவார்கள். இவர் பல் கட்டித் திருப்பி அனுப்புவார். சீட்டு எழுதுவது என் தங்கை. அலமாரியில் வரிசையாக டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் வாய். ஒரு டப்பாவில் மட்டும் கறுப்பு எண்ணெய் வடியும் பல்சக்கரம். அதன்மேல் தங்கையின் குண்டு எழுத்து:

*பெரியவர். வயது 71. இரண்டு பல் இல்லை. ரொம்பச் சத்தம் போடுவார். வெள்ளிக்கிழமை, அவசரம்.*

இதைப் பார்த்த பிறகும் எழுதாமல் இருந்தால் நான் என்ன மனிதன்?

2

தொடக்கம் ஒன்று: அதிகாலைப் பனியில் அந்த வண்டி ஒரு யானையைப் போல

[வேண்டாம். பெரிய வண்டி என்றால் உடனே யானையைக் கூப்பிட்டுவிடுகிறோம். அதற்கு வேறு வேலை இல்லையா?]

தொடக்கம் இரண்டு: கப்பலில் வந்து இறங்கியபோதே மாப்பிள்ளையின் வண்டிக்குப் பதினைந்து வயது. டாஷ்போர்டு முழுக்க யாருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து.

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

மாப்பிள்ளை அந்த எழுத்துகளைப் பொத்தான் பொத்தானாக அமுக்கிப் பார்த்தே படித்தார். பதினாறு வருடப் படிப்பு. சுருள் கம்பி போட்ட மஞ்சள் விளக்கு அணையும்வரை சாவியை முழுக்கத் திருப்பக் கூடாது. உள்ளே டீசல் பற்றிக்கொள்ள சூடு ஏறுகிற நேரம் அது. அந்த ஏழு நொடியும் அவர் மூச்சைக்கூட மெதுவாகத்தான் விடுவார். ஞாயிறு காலையில் வண்டிக்கடியில் படுத்துவிடுவார். ஃபில்டரின் அடியில் தங்கிய தண்ணீரை வடிப்பார். முட்டுக்கு முட்டு கிரீஸ் அடிப்பார். வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடியைச் சேசிஸின் சந்துகளில் நுழைத்துத் துரு தேடுவார். அகப்பட்டால் பல் காரை சுரண்டும் கொக்கியாலேயே சுரண்டுவார். வண்டியின் வயதில் பாதிகூட ஆகாத வண்டிகள் இவர் தெருவில் துருப்பிடித்து நிற்க, இது மட்டும் நேற்று குளிப்பாட்டியது போல நிற்கும்.

பானெட்டைத் திறக்கும்போது "ஆ காட்டுங்க" என்று அவர் சொல்வதாகத் தங்கை சொல்கிறாள். அவர் மறுக்கிறார். [யார் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். ஆனால் விருந்து சாப்பிடப் போகிற வீடு அது.]

3

முதல் பிரதியில் தங்கையை வில்லியாக எழுதியிருந்தேன். "அவள் அந்த வண்டியை அடியோடு வெறுத்தாள்" என்று ஒரு வாக்கியம். இரண்டு நாள் அந்த வாக்கியம் என்னை முறைத்துப் பார்த்தது. அடித்துவிட்டேன். அவள் வெறுத்தது வண்டியை அல்ல, நடந்து ஏறுவதை.

அவர்கள் வீடு மேட்டின் உச்சியில். பாதை முழுக்கச் சரளைக்கல். மற்ற வண்டிகள் அடிவாரத்திலேயே கும்பிடு போட்டுவிடும். இது மட்டும் நான்கு சக்கரத்துக்கும் விசை பிரித்து, 'லோ' கியரில், அவசரமே இல்லாமல் ஏறும். போன மாதம் பாதி மேட்டில், அடைமழையில், அந்த 'லோ' கழன்றது, மறுபடி விழவில்லை. பின்னிருக்கையில் பட்டறைக்கு வாங்கிய பிளாஸ்டர் பவுடர் மூட்டை. தங்கை அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினாள். வீடு சேர்வதற்குள் மூட்டை நனைந்து தோளிலேயே கல்லாகிவிட்டது. உடைத்து எடுத்தார்கள். அவள் இடது தோளின் அச்சு, எலும்பு வரை துல்லியமாக, இன்னும் அந்த அலமாரியில் இருக்கிறது.

அன்றைக்குத்தான் அவள் சொன்னாள்:

"இத பாருங்க. அடுத்த மாசம் முதல் சனிக்கிழமைக்குள்ள இது தானா மேடேறி வாசலுக்கு வரணும். இல்லேன்னா மறுநாள் பழைய இரும்புக்காரர் வருவார். சொல்லி வச்சாச்சு."

"என்னம்மா, பதினாறு வருஷமா நம்ம கூட இருக்கு…"

"உங்க தம்பியும்தான் இருந்தார். அவரையே அனுப்பி வச்சோம்ல?"

மாப்பிள்ளை அன்று சாப்பிடவில்லை. [சாப்பிட்டார். ஆனால் ருசி தெரிந்து சாப்பிடவில்லை.]

4

வண்டி மெக்கானிக்கிடம் போனது. அவருக்குப் 'பன்னெண்டு' என்று பெயர். எந்த வேலையையும் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானரைக் கையில் எடுத்துத்தான் தொடங்குவார். வண்டியை அவர் மரியாதையாகப் 'பெரியவர்' என்பார். மாப்பிள்ளைக்கு இது தெரியும், தங்கைக்குத் தெரியாது. இந்தக் கதை ஓடுவது டீசலில் அல்ல, இந்த ஒரு தெரியாமையில்.

மாப்பிள்ளையின் செல்போன் பாலிஷ் மெஷின் சத்தத்தில் கேட்காததால் பன்னெண்டு பல் பட்டறை நம்பருக்குப் போன் போட்டார். எடுத்த தங்கை, யாரோ பல் டாக்டரின் ஆள் என்று நினைத்துக்கொண்டாள்.

"மேடம், பெரியவருக்குப் பல்லு ரெண்டு விழுந்திருச்சு. பக்கத்துப் பல்லும் லேசா தேஞ்சிருக்கு. சார்கிட்ட சொல்லிருங்க."

"வயசு என்ன?"

"முப்பத்தொண்ணு."

பெரியவருக்கு முப்பத்தொன்றா? காதில் தப்பாக விழுந்திருக்கும் என்று தங்கை எழுபத்தொன்று எழுதிக்கொண்டாள்.

"ரத்தம் ஏதாவது?"

பின்னணியில் யாரோ தகரம் அடித்தார்கள். பன்னெண்டுக்கு எது கேட்டதோ! "ஒழுகிட்டுதான் இருந்துச்சு மேடம். துடைச்சு வச்சிருக்கேன்."

"ஐயோ பாவம். வலி?"

"சத்தம்தான் தாங்க முடியல."

"எப்ப வேணும்?"

"வர்ற வெள்ளிக்கெழம கெடச்சா தெய்வம் மாதிரி. ஆனா அதெல்லாம் கெடைக்காது மேடம். எங்கயுமே இல்லேங்குறாங்க. எட்டு மாசம் ஆகும்னு…"

தங்கைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எவன் சொன்னான் எட்டு மாசம்னு? இங்க குடுத்துவிடுங்க. வெள்ளிக்கெழம காலையில ரெடியா இருக்கும். இது நான் குடுக்குற தேதி."

இருபத்திரண்டு வருடத்தில் அவள் சீட்டில் எழுதிய தேதி ஒன்றுகூடத் தவறியதில்லை. அந்த ஊர் பல் டாக்டர்கள் கடிகாரத்தைக்கூட அவள் சீட்டைப் பார்த்துத்தான் திருத்துவார்கள்.

5

'லோ' கியரின் பல்சக்கரம் மதியமே வந்தது. மாப்பிள்ளை டப்பாவைத் திறந்தார். சீட்டைப் படித்தார். சக்கரத்தைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் படித்தார்.

"இதாம்மா உன் பெரியவர்."

தங்கை எட்டிப் பார்த்தாள். இந்த இடத்தில் அவள் முகத்தை விவரிக்க மூன்று பத்தி எழுதி, மூன்றையும் கிழித்தேன். அவள் பேசியதை மட்டும் தருகிறேன்:

"கியரு விழலைன்னு சொன்னீங்க. அந்தாளு பல்லு விழுந்திருச்சுங்குறான். விழுந்தது கஷ்டமா, விழாதது கஷ்டமா? மனுஷன் பேசுற பேச்சா இது?"

"தேதிய அடிச்சுரு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"நான் எழுதின தேதிய நானே அடிக்கிறதா? எழுதியாச்சு. செய்யுங்க. ஆனா சனிக்கிழமை மேட்டுல நான்தான் ஓட்டுவேன்."

அப்போதுதான் மாப்பிள்ளை சக்கரத்தை முதன்முறையாகத் தொழில்காரன் கண்ணால் பார்த்தார். பதினாறு வருடம் வண்டியை மனிதனாக நினைத்தவருக்கு, அதன் பல்லையும் பல்லாக நினைக்கலாம் என்று தோன்றவே இல்லை. பாருங்கள், அறிவு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது!

உடைந்த வேரைக் குடைந்தார். புறாவின் வால் போல அடி அகன்ற குழி வெட்டினார். மெழுகில் இரண்டு பல் செதுக்கி, பக்கத்துப் பல்லின் தேய்மானத்தையும் அதற்குக் கற்றுக்கொடுத்தார். பல்செட்டுக்கு அடியில் போடும் கெட்டி உலோகத்தை உருக்கி அந்த மெழுகின் அச்சில் ஊற்றினார். வந்த பல்லைக் குழியில் இறக்கி இறுக்கினார். பிறகு எதிர்ச் சக்கரத்தை வரவழைத்து, இரண்டுக்கும் நடுவே நோயாளி கடிக்கிற நீலத்தாளை வைத்துக் கையால் சுற்றினார். நீலம் படிந்த இடம் உயரம். அங்கே ஒரு மயிரிழை தேய்த்தார். மறுபடி தாள். மறுபடி ஒரு மயிரிழை. பதினோராவது தாளில் நீலம் எல்லாப் பல்லிலும் ஒரே சீராக விழுந்தது.

எதிர்ச் சக்கரத்தைக் கொண்டுவந்து பார்த்துக்கொண்டிருந்த பன்னெண்டு ஸ்பானரைக் கீழே வைத்தார். அவர் அதைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை.

"சார், கம்பெனிக்காரன் பெத்த பல்லு தள்ளி நிக்கணும் சார்."

[எனக்கு இங்கே கண் கலங்கியது. பல்செட்டும் கலங்கியது.]

6

சனிக்கிழமை. தங்கை ஓட்டுநர் இருக்கையில். மாப்பிள்ளை பக்கத்தில், கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி. மஞ்சள் விளக்கு அணைந்தது. இன்ஜின் பிடித்தது. மேட்டின் அடியில் அவள் கியருக்குப் பக்கத்துச் சின்னக் குச்சியைப் பின்னால் இழுத்தாள். 'லோ' விழுந்தது.

முடிவு (அ): ஏறியது. வாசலில் நிறுத்திவிட்டு அவள், "நாளைக்கு இரும்புக்காரர் வந்தா டீ குடுத்து அனுப்புங்க" என்றாள். நல்ல முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

முடிவு (ஆ): பாதியில் ஒரு சத்தம். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொள்ள, அவள் பிரேக்கை மிதித்தபடி

[முடியவில்லை. அந்த மனிதனுக்கு நான் இதைச் செய்ய மாட்டேன்.]

முடிவு (இ) எழுதினேன். அதில் யானை வந்துவிட்டது.

ஆகவே வண்டியைப் பாதி மேட்டில், நான்கு சக்கரமும் கல்லைக் கவ்வியபடி, உங்களிடம் விடுகிறேன். அவள் கால் ஆக்ஸிலரேட்டரில் இருக்கிறது, அவர் கை கதவுக் கைப்பிடியில் இருக்கிறது. ஏற்றுவதானால் மெதுவாக ஏற்றுங்கள், புதுப் பல்.

சத்தியம் செய்தவன் என்பதால் ஒரு விவரத்தை மறைக்க முடியாது. தங்கை இருக்கும் ஊர் கடலோரச் சமவெளி. அந்த ஊரில் மேடே கிடையாது.