பத்தடி வெயில்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு பத்துக்குப் படக்காரரின் வீட்டுக் கூரை நிழல் தருவதை நிறுத்திக்கொண்டது. கூரையில் ஓட்டை இல்லை, ஓர் ஆணிகூடக் கழன்றிருக்கவில்லை. ஆனாலும் கட்டிலின் மேல், அடுப்படியில், அலமாரிக்குள் மடித்து வைத்த துணிகளுக்கு இடையில்கூட உச்சி வெயில் அடித்தது. தொட்டிலில் கிடந்த எட்டு மாதப் பெண்குழந்தை வீறிட்டது. மேஸ்திரி கூரைமேல் ஏறி நடந்து பார்த்தார். "கூரையில குத்தம் ஒண்ணுமில்ல சார். வெயில்தான் சொன்ன பேச்சு கேக்கல" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

காரணம் படக்காரருக்குத் தெரியும். ராஜாளி, பாலைநரி, உடும்பு என்று பதினோரு வருடம் பாலைவனத்தில் படமெடுத்தவர். முந்தின கோடையில், முள்மரத்துக் கழுகுக் கூட்டின் எதிரே மறைவுக் கூடாரம் போட்டு ஆறு நாள் உட்கார்ந்தார். கூட்டுக்கு மேலே நிழலாக நின்ற ஒரு கிளை குஞ்சின் முகத்தை மறைத்தது. தாய் இரை தேடப் போன நேரம் பார்த்து மரமேறி அதை அறுத்தார். நிதானமுள்ளவர்கள் கிளையைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, படம் எடுத்ததும் அவிழ்த்து விடுவார்கள். அவர் கயிறு எடுத்துவர மறந்திருந்தார். பகல் பன்னிரண்டரைக்கு, குஞ்சு வாய் பிளந்து மூச்சு வாங்கும் படம் கிடைத்தது. கண்ணோரத்துத் தூசிகூடத் தெளிவு. தாய் திரும்பி வந்து சிறகை விரித்து நின்றபோது குஞ்சிடம் அசைவில்லை. பொழுது சாயும்வரை அது சிறகை மடக்கவில்லை. அதையும் படமெடுத்தார். அந்தப் படத்துக்குப் பரிசு கிடைத்த செய்தியைத்தான் செவ்வாய் காலை பிரித்துப் படித்தார்.

குழந்தையின் கொப்புளங்களுக்குக் களிம்பு தந்த டாக்டர், இந்தத் தோலுக்கு வெயில் ஆகவே ஆகாது என்றார். மனைவி குழந்தையோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள். நான்காம் நாள் இவர் அங்கே வாசற்படி தாண்டியதும் கூடம் வெளுத்தது. கோளாறு வீட்டில் இல்லை, ஆளில்தான் என்று அப்போது விளங்கியது. டேப் வைத்து அளந்தும் பார்த்தார்கள். அவரைச் சுற்றிப் பத்தடிக்கு, எந்த நேரமானாலும் பகல் பன்னிரண்டரை மணி. "மாப்ள, மனசுல வச்சுக்காதீங்க. தெருமுனையில நின்னு பாத்துட்டுப் போங்க" என்றார் மைத்துனர்.

படக்காரர் திரும்பப் போய் அறுத்த கிளையைக் கம்பி சுற்றிக் கட்டினார். மூன்று கோடை கட்டினார். கூடு காலியாகவே கிடந்தது. அவர் கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மழைக்காலங்களில் அக்கம்பக்கத்துப் பெண்கள், "அண்ணே, இந்தப் போர்வை மட்டும்" என்று ஈரத்துணியை அவர் வாசலில் நீட்டப் பழகினார்கள்.

பதினோராவது அடியில் நின்றபடியே மகள் வளர்ந்தாள். "அப்பா, சட்டையில பட்டன் போயிருச்சு பாருங்க" என்றாள் ஒருநாள். "வந்து தைச்சுத்தான் விடேன்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

பேத்திக்கும் அதே தோல். இரண்டு வயதில் ஒரு ஞாயிறு, அம்மாவின் கையை உதறிவிட்டு "தாத்தா" என்று தெருவில் ஓடிவந்தது. படக்காரர் திரும்பி ஓடினார். அறுபத்தெட்டு வயதில், செருப்பை உதறிவிட்டு ஓடினார். விளையாட்டு என்று நினைத்துப் பிள்ளை சிரித்துக்கொண்டே துரத்தியது. "ஓடுங்கப்பா! நிக்காதீங்க!" என்று பின்னால் மகள் கத்தினாள்.

இப்போது ஞாயிறுதோறும் பத்து மணிக்கு இந்த ஓட்டத்துக்கு வழிவிடத் தெருக்காரர்கள் சைக்கிள்களை ஓரமாக எடுத்து வைக்கிறார்கள். மகள் தடுப்பதில்லை, தடுத்தால் பிள்ளை நாளெல்லாம் சாப்பிடுவதில்லை. பேத்திக்கு நான்கு வயது முடிகிறது, கால் நீண்டுவருகிறது. படக்காரருக்கு முழங்காலில் வீக்கம். போன வாரம் இருவருக்கும் நடுவில் பதினான்கு அடி இருந்ததாக மளிகைக்கடைக்காரர் சொல்கிறார். இந்த வாரம் பன்னிரண்டு.