சிவப்பு ஆறுறதுக்குள்ள

1

இல்லங்க, உலையிலேருந்து எடுக்கறப்போ அந்த நகையில இருக்கற பறவைங்க கருப்பாத்தான் இருந்துச்சு. நானே பாத்தேன். அதனாலதான் இந்தக் கதைய எழுதவே உக்காந்தேன்.

முதல் வரி இப்படி வெச்சேன்: "பழங்காலத்து நகை ஒன்று இரு தோழிகளின் வாழ்வில்..." (சீச்சீ, சீரியல் மாதிரி இருக்கு. ஆனா அழிக்கல, கெடக்கட்டும்.)

2

ஆளுங்க ரெண்டே பேரு. எங்க அக்கா, அவ கூட்டாளி கம்பி.* எங்க வீட்டுப் பின்பக்க ரூம்ல நகை செய்றாங்க. மியூசியம் படத்துல இருக்கற ஆயிரம் வருஷத்து டிசைனப் பாத்து, கம்பி வெள்ளித் தகட்டு மேல மெல்லிசுக் கம்பிய வளைச்சு வளைச்சு குட்டிக்குட்டிப் பாத்தி கட்டுவா. அக்கா அதுல கலர் கண்ணாடிப் பொடிய நிரப்பி உலையில வெப்பா. உருகி ஒட்டுச்சுன்னா எனாமல். உலைப் பக்கம் மட்டும் அவள அண்டவே விடமாட்டா.

* கம்பி வளைக்கறதால இந்தப் பேரு. நெஜப் பேரு வேற. சொன்னா ஒதைப்பா.

3

கம்பிக்கு வெளியூர்ல பெரிய கம்பெனியில வேலை கெடச்சுது. போகலாமா வேணாமான்னு ஒரே இழுபறி. கடைசியில அக்காகிட்ட சொன்னா,

"இந்த ஜோடிப் பறவை சிவப்பா வந்தா இருக்கேன்டி. சொதப்புச்சுன்னா கெளம்பறேன்."

"எனாமல்கிட்ட ஜோசியமா கேக்கற?"

"உன்கிட்ட கேட்டா நீ எங்க வாயத் தொறக்கற!"

அக்கா இடுக்கியால எடுத்து வெச்சா. கன்னங்கரேல்னு ரெண்டு பறவை. கம்பி, தகட்டப் பாக்கல, அக்கா மூஞ்சியவே பாத்தா.

"போச்சு"ன்னா அக்கா. அவ்ளோதான்.

கம்பி பையத் தூக்கிட்டுப் போயிட்டா. தகடு ஆற ஆற, கருப்புக்குள்ளேருந்து சிவப்பு மெதுவா... (இந்த வரிய முடிக்க வரல. 'மாதுளை முத்து மாதிரி'ன்னு எழுதி அடிச்சேன்.) "போன் பண்ணுக்கா!"ன்னு கத்தினேன். அக்கா போனக் கவுத்து வெச்சா.

4

ஐயோ பாவம், அக்கா அவசரப்பட்டுட்டா, அப்புறம் வெக்கத்துல கூப்பிடலன்னு கதைய முடிச்சு அவகிட்டயே படிக்கக் குடுத்தேன்.

"சிவப்பு சூட்டுல கருப்பாத்தான்டா தெரியும். எனக்குத் தெரியாதா? எத்தன துண்டு சுட்டுப் பாத்திருக்கேன்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "அப்புறம் ஏன்க்கா போச்சுன்ன?"

பறவையத் துணியால தொடச்சுக்கிட்டே இருந்தா. "அவளுக்குப் போகணும்னு ஆசை. ஒரு பறவைக்காக இருந்துட்டு, அப்புறம் என்னைப் பாக்கறப்போலாம் விட்டுட்ட வேலை ஞாபகம் வரக்கூடாதுல்ல?" துணிய மடிச்சு வெச்சா. "ஆனா, 'இருடி'ன்னு நான் ஒரு தடவ கேட்டிருக்கலாம்டா."

5

கம்பி திரும்பி வர்ற மாதிரி ஒரு முடிவு எழுதினேன். "கதையில வரட்டும்"னுட்டு அக்கா எழுந்து போயிட்டா.

இப்போ அவ குளிக்கறா. பறவை என் கையில இருக்கு. கம்பியோட அட்ரஸும் தெரியும். ஆனா சிவப்பா இருக்கற பறவைய அனுப்பினா, அக்கா சொன்ன பொய்யும் அதோட சேந்து போகும். அனுப்பலன்னா, சொதப்பிடுச்சுன்னே கம்பி நெனச்சுட்டு இருப்பா. தண்ணி சத்தம் நின்னுடுச்சுங்க, சீக்கிரம் சொல்லுங்க, நீங்களா இருந்தா அனுப்புவீங்களா?